முனியாண்டியின் சுருட்டும் பேட்டரி அங்கிளின் கோபமும்

கிள்ளானில் ரயில் ஏறி, நடுவில் மாறி, காஜாங்கில் இறங்கும் வரை பெட்டி பெட்டியாகத் தேடினாலும், செத்துப்போன பேட்டரிக்காக உயிரோடு இருக்கும் மனிதர்களிடம் சண்டை போடும் ஆள் ஒருவர்தான் கிடைப்பார். அந்த ஒருவரும் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில், என் மாடியிலேயே, என் வீட்டிலிருந்து இரண்டு கதவு தள்ளி இருந்தார். என் தலையெழுத்து அப்படி.

அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. மகள் வந்தால் 'அப்பா' என்று கூப்பிடுவாள். மற்ற எல்லோருக்கும் அவர் பேட்டரி அங்கிள். என்னைவிடப் பத்து வயது சின்னவர் என்பதால் நான் மட்டும் 'தம்பி' என்பேன். கோபம் வந்தால் அதையும் சொல்ல மாட்டேன். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். அவளும் ஒருமுறை அவரிடம் திட்டு வாங்கியவள். அதனால் நடுவில் எங்காவது காரம் கூடுதலாக இருந்தால் அது அவள் போட்டது.

மற்றவர்களுக்குக் கோபம் வரும், போகும். அங்கிளுக்கு அது வீட்டோடு தங்கிவிட்ட மாமனார் மாதிரி. காலையில் அவருக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கும். ஏதோ ஆபீஸில் கிளார்க் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பொழுது போகாமல் போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். மற்ற கிழவர்கள் போனில் பழைய பாட்டுக் கேட்பார்கள். இவர் எவனோ ஒரு வெள்ளைக்காரன் மேசையில் உட்கார்ந்து ஒயர் சுற்றுவதைப் பார்த்தார். அன்றோடு எங்கள் மாடியின் நிம்மதி போனது.

ஒருநாள் என் டிவி ரிமோட்டிலிருந்து இரண்டு பேட்டரியைக் கழற்றி, குப்பைப் பையில் போட்டு, லிஃப்ட் பக்கம் கொண்டுபோனேன். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே அவர். பையைப் பார்த்தார். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

"அக்கா, நில்லுங்க. பையில என்னா?"

"மீன் செதிலு, வெங்காயத் தோலு. உனக்கு என்னா வேணும்?"

"வெங்காயத் தோலு டொக்கு டொக்குன்னு சத்தம் போடாது. பேட்டரி போட்டிருக்கீங்க!"

"அது செத்துப்போச்சு தம்பி."

"யாரு சொன்னா? டாக்டர் வந்து நாடி பாத்தாரா?"

சொல்லிவிட்டு மீன் செதிலுக்குள் முழங்கை வரை கையை விட்டார். இரண்டு பேட்டரியையும் எடுத்து, சட்டையில் துடைத்து, அடிபட்ட குருவிக்குஞ்சை வைத்துக்கொள்கிற மாதிரி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அவர் சட்டை மூன்று நாள் மீன் நாறியது. மனிதருக்கு அது உறைக்கவே இல்லை.

என்னை விடவும் இல்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். மேசையில் உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டையுள்ள கருப்பு வளையம் ஒன்று. சிவப்பு ஒயரும் பச்சை ஒயரும் சேர்த்து அதைச் சுற்றிச் சுற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சடை பின்னிய மாதிரி வைத்திருந்தார். அதுதான் காயிலாம். அதோடு மூன்று கால் பூச்சி மாதிரி ஒரு சாமான், அரிசி அளவுக்கு ஒரு பல்ப். எல்லாவற்றையும் ஈயம் காய்ச்சி ஒட்டியிருந்தார்; வீடெல்லாம் அந்த வாடை. என் செத்த பேட்டரியை அதில் வைத்தார். பல்ப் பளிச்சென்று எரிந்தது.

"பாத்தீங்களா? இது சாவல அக்கா. தெம்பு கொறஞ்சு கெடக்கு. தானா எந்திரிக்காது. இந்தக் காயிலு கொஞ்சம் கொஞ்சமா சேத்து வச்சு, ஒரு ஒதறு ஒதறி எழுப்பும். ஒங்க மகன காலையில எழுப்பிவிடுற மாதிரி."

என் மகன் குமாரை உதாரணத்துக்கு இழுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உதாரணம் சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு மாடியில் எந்த வீட்டில் கடிகாரம் நின்றாலும், வீட்டுக்காரருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். கதவைத் தட்டி, "ஒங்க கடிகாரம் நின்னுடுச்சு, பேட்டரிய எடுங்க" என்பார். ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தையே முறைத்தபடி நின்றதும் உண்டு.

சூரிய வெளிச்சத்தில் வேலை செய்யும் தகடுகள் வந்து சேர்ந்ததும் சண்டை இன்னும் பெரிதானது. எங்கள் மாடியில் கதவுகளுக்கு முன்னால் ஓடும் கோரிடோரில் மத்தியானத்துக்கு மேல்தான் வெயில் விழும். அதுவும் கைப்பிடிச் சுவரில் ஒரு பாய் அகலத்துக்கு. அந்தப் பாய் அகலத்தில்தான் நான் மோர் மிளகாய் காயவைப்பேன். அவர் அங்கே நீலநீலமாகத் தகடுகளைப் பரப்பினார்.

"மொளகாய எடுங்க அக்கா. நெழலு விழுது."

"வெயிலு என்னா ஒங்க அப்பா வீட்டுதா? நாப்பது வருஷமா இங்கதான் காயப்போடுறேன்."

"மொளகா காஞ்சு என்னா ஆவப்போவுது? இது காஞ்சா கரண்டு வரும்!"

"என் மொளகாயத் தின்னு பாரு, ஒனக்கும் கரண்டு வரும்!"

இப்படி மழை வரும்வரை நடக்கும். மழை வந்ததும் நான் மிளகாயையும் அவர் தகடுகளையும் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஓடும் வழியிலும் திட்டிக்கொள்வோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் காலையிலிருந்து காத்திருப்பேன். சண்டை போடச் சரியான ஆள் கிடைப்பது லேசா? குமாரிடம் கத்தினால் காதில் எதையோ மாட்டிக்கொள்கிறான்.

இனிமேல்தான் முனியாண்டி விஷயம். ஃபிளாட்டுக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில், மரத்தடியில் ஒரு சாமி மேடை. சின்ன முனியாண்டி. பெரிய மீசை, கையில் அரிவாள், வாயில் சுருட்டு. அதற்கு விளக்கேற்றுவது இரண்டாம் மாடி சரோஜா. சரோஜா நல்ல வாட்டசாட்டமான பெண். அவள் ஏறினால் லிஃப்டே ஒரு பெருமூச்சு விடும். காற்றில் அகல்விளக்கு அணைந்துகொண்டே இருக்கிறது என்று ஒருநாள் அங்கிளிடம் புலம்பினாள்.

அவர் உடனே வேலையில் இறங்கிவிட்டார். யாரோ தூக்கிப்போட்ட தோட்டத்து விளக்கைப் பிரித்து, நான்கு சின்னத் தகடுகளை ஒரு முழ நீளத்துக்கு வரிசையாக ஒட்டினார். மேடைக்கு மேலே மரநிழல் என்பதால் முன்பக்க விளிம்பில், வெயில் விழும் இடத்தில் பதித்தார். காயிலும் அந்த விளக்கின் பேட்டரியும் மேடைக்குப் பின்னால். கையில் இருந்தது ஒரே ஒரு சிவப்பு பல்ப். அதை எங்கே வைப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சிலையில் ஒரே ஒரு இடத்தில்தான் ஓட்டை இருந்தது. சுருட்டு நுனியில்.

வேலை சுலபம். தகட்டில் வெயில் பட்டுக்கொண்டிருந்தால் பல்ப் எரியாது. இருட்டினால் தானாக எரியும். சாயங்காலம் ஏழரை மணிக்கு முனியாண்டி சுருட்டுப் பற்றவைத்ததைப் பார்த்து எல்லோரும் கைதட்டினோம். அத்தோடு நின்றிருந்தால் நான் இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

மறுநாள் நாலரை மணிக்கு, முதுகில் வெயில் காய, சரோஜா போய்க் குனிந்து கும்பிட்டாள். அவள் நிழல் தகடு முழுவதையும் மூடியது. சுருட்டு எரிந்தது. நிமிர்ந்தாள், அணைந்தது. மறுபடி குனிந்தாள், எரிந்தது.

"அலாமா! சாமி சுருட்டு இழுக்குது!" என்று அவள் போட்ட கூச்சல் மோனோரயில் வரை கேட்டிருக்கும்.

அந்த வாரமே செந்தூலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். டாக்சிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்தார்கள். நாலு நம்பர் லாட்டரி எடுப்பவர்கள் வந்து குனிந்து குனிந்து, சுருட்டு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணினார்கள். மழை மூட்டத்தில் சுருட்டு விடாமல் எரியும். "அது சாமியோட சொந்த நேரம். அப்ப கேட்டா கணக்குல வராது" என்று சரோஜா சட்டம் போட்டாள்.

அங்கிளுக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காது இரண்டும் சிவந்து, அவற்றிலேயே இரண்டு பல்ப் வைத்த மாதிரி இருந்தார். அன்றைய பேப்பரை எடுத்துக்கொண்டு கீழே ஓடினார்.

"இங்க பாருங்க எல்லாரும்! இது சாமி இல்ல, சர்க்யூட்டு! நெழலு விழுந்தா எரியும்! பேப்பர வச்சாலும் எரியும்!"

பேப்பரை விரித்துத் தகட்டுக்கு முன்னால் பிடித்தார். சுருட்டு எரிந்தது. கூட்டம் பேப்பர் பக்கம் எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு டாக்சிக்காரர் மெதுவாகச் சொன்னார்: "பாஸ், கொஞ்சம் அசையாம புடிங்க. அது நாலு நம்பர் ரிசல்ட் பக்கம் லா."

எல்லோரும் போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தார்கள்.

மறுநாள் பேப்பர் வேண்டாம் என்று பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுபோய் வைத்துக் காட்டினார். அதற்கு மறுநாள் அந்த ஸ்டூலுக்கு யாரோ விபூதி பூசி, பூ வைத்திருந்தார்கள். தன் ஸ்டூலைத் திருப்பி எடுக்கப் போனவரை, "செருப்ப கழட்டிட்டு வாங்க அங்கிள்" என்று ஒரு பையன் தடுத்தான்.

"பேசாம கழட்டி எறிஞ்சிடேன் தம்பி" என்றேன்.

"ஏன் எறியணும்? சர்க்யூட்டு என்னா தப்பு பண்ணுச்சு? அது ஒழுங்கா வேல செய்யுது. இவுங்க மண்டைதான் வேல செய்யல!"

இந்த நேரத்தில்தான் என் கண் விஷயம் வந்தது. இரண்டு கண்ணிலும் புரை. சீனிப்பாகு ஊற்றிய கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி எனக்கு எல்லாம் மங்கல். ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். கண்ணில் கத்தி என்று யாராவது ஆரம்பித்தாலே நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். குமாரிடம் சொல்லிவிட்டேன்: "முனியாண்டி சுருட்ட இழுத்துக் காட்டட்டும், போறேன். இல்லாட்டி இல்ல."

குமாருக்கு ஒரே சந்தோஷம். எல்லோருக்கும்தான் எரிகிறதே!

போனேன். குனிந்தேன். எரியவில்லை.

எனக்குக் கண் தெரியாததால் எரியவில்லை என்றும் தெரியவில்லை. "எரியுதா? எரியுதா?" என்று கேட்டுக்கொண்டே நின்றேன். இன்னும் குனிந்தேன். இடுப்பு 'மடக்'கென்றது. கடைசியில் சரோஜா, "போதும் அக்கா, வாங்க" என்று என்னைத் தூக்க வந்தாள். அவள் குனிந்ததும் எரிந்ததாம். கூட்டம், "சரோஜாவுக்கு எரியுது! சரோஜாவுக்கு எரியுது!" என்று கத்தியது.

என் வயிறு எரிந்தது பாருங்கள், அதை எந்த பல்பிலும் வைக்க முடியாது. மாசாமாசம் வெற்றிலை பாக்கு வைத்தவள் நான். அந்த முனியாண்டிக்கு அரிவாளில் பெயின்ட் அடிக்க வைத்ததே நான். எனக்கு இல்லையா? ஆஸ்பத்திரி வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். குமார் கத்தினான். மருமகள் அழுதாள். (இல்லை என்கிறாள். அழுதாள்.)

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அங்கிள் வந்தார். உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, பைத்தியக்காரத்தனம் பண்ணாதீங்க. தகடு ஒரு மொழம் நீளம். சரோஜா நின்னா மொத்தமா மூடும். நீங்க ஈர்க்குச்சி. ஒங்களுக்கு நெழலே இல்ல!"

"நெழலு இல்லாதது பேயிடா! என் வீட்டுக்கே வந்து என்னைய பேய்ங்குறியா?"

"அய்யோ, பத்தலன்னு சொன்னேன்! நெழலு பத்தல!"

"சாமிக்கு வெத்தல பத்தலம்பாங்க, பூ பத்தலம்பாங்க. நெழலு பத்தலன்னு எந்த ஊருல சொல்லியிருக்கான்?"

"அது சாமி இல்ல! காயிலு! நான் சுத்துன காயிலு! வேணும்னா ரெண்டு தகட்ட கழட்டிட்டு ஒங்களுக்கும் எரிய வைக்கலாம். ஆனா செய்ய மாட்டேன். பொய்க்கு நான் ஒயர் சுத்த மாட்டேன். நெசத்த கேட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க!"

"போக மாட்டேன்! எரியட்டும், போறேன்!"

இவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் வீட்டுக்கு வந்தவருக்குக் கோப்பி கொடுக்காமல் இருக்க முடியுமா? கலக்கி எடுத்துவந்து, திட்டிக்கொண்டே அவர் முன்னால் இருந்த கிளாஸில் ஊற்றினேன். ஊற்றுகிறேன், ஊற்றுகிறேன், கிளாஸ் நிரம்பும் சத்தமே வரவில்லை. கிளாஸுக்கு நாலு விரல் தள்ளி, அவர் மடியில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கொதிக்கக் கொதிக்கக் கோப்பி. பேட்டரியைக் குப்பையில் போட்டதற்கே ஊரைக் கூட்டுகிற மனிதர். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

ஒன்றும் வரவில்லை. எழுந்தார். என் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கி மேசையில் வைத்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அவரை அறிந்த இத்தனை வருஷத்தில் அவர் பேசாமல் போனது அன்றுதான். எனக்குப் பயமாகிவிட்டது.

மறுநாள் சாயங்காலம், "கடைசியா ஒரு தடவ வாங்கம்மா" என்று குமார் என் கையைப் பிடித்து இழுத்துப்போனான். நல்ல வெயில். வழக்கமான கூட்டம். நான் முனியாண்டியைக் கும்பிடப் போகவில்லை, சண்டை போடத்தான் போனேன். "எனக்கு எரிய மாட்டியா? இனிமே ஒனக்கு வெத்தல கெடையாது, பாக்கு கெடையாது, பேசாம சரோஜா கூடவே இருந்துக்க!" என்று கத்திக்கொண்டே குனிந்தேன்.

முதுகில் சுட்டுக்கொண்டிருந்த வெயில் திடீரென்று விலகியது. எனக்கு எதிரே, மங்கலுக்குள், நெற்றியில் வைத்த குங்குமம் கரைந்த மாதிரி ஒரு சிவப்பு.

"எரியுது! அக்காவுக்கு எரியுது!" சரோஜா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

எனக்குக் கண்தான் மங்கல். மூக்கு நன்றாகவே இருந்தது. எனக்குப் பின்னால் காய்ச்சிய ஈயத்தின் வாடை. அந்த வாடை எங்கள் மாடியில் ஒரே வீட்டில்தான் வரும். திரும்பினேன். கறுப்பாக, பெரிய குடை விரித்தபடி ஓர் உருவம்.

"தம்பி, குடை எதுக்கு?"

"வெயிலு!"

"நீதான் நாள் முழுக்க வெயிலுக்காக சண்ட போடுறவனாச்சே. ஒனக்கு எதுக்கு குடை?"

கூட்டம் நெருங்கி வந்தது. எல்லோரும் அவர் வாயைப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. ஒரு மாதமாக அங்கே நின்று, "சாமி இல்ல, சர்க்யூட்டு" என்று தொண்டை வற்றக் கத்திய வாய்.

"இப்ப எரிஞ்சது சாமியா, சர்க்யூட்டா? நீயே சொல்லு" என்றேன்.

அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு ஃபிளாட்டே அதிரும்படி ஒரு கத்து கத்தினார்:

"சாமிதான்! சாமிதான் எரிஞ்சாரு! போதுமா? போங்க ஆஸ்பத்திரிக்கு!"

குடையை மடக்கி, செருப்பு 'படார் படார்' என்று அடிக்க, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறிப் போய்விட்டார்.

அன்றோடு அவர் பேச்சு அங்கே எடுபடாமல் போனது. அவர் எப்போது வாய் திறந்தாலும் சரோஜா, "சும்மா இருங்க அங்கிள், நீங்களே எல்லாரு முன்னாலயும் சொன்னீங்கல்ல?" என்று அடக்கிவிடுவாள். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு அவரைச் சாட்சியாகக் கைகாட்டுவாள். "அந்த அங்கிளே நம்பாதவருதான். அவரே ஒத்துக்கிட்டாரு" என்பாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போவார். குடையைப் பற்றி ஒரு நாளும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் ஜெயித்திருப்பார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முனியாண்டியை நம்பிப் போனேன் என்று குமார் நினைத்துக்கொண்டான். அப்படியே நினைக்கட்டும். பொய்யே சொல்லத் தெரியாத மனிதர் எனக்காக அவ்வளவு கோபமாக ஒரு பொய் சொன்னால், கண்ணில் கத்தி வைக்கிறவரையும் நம்பலாம் என்று தோன்றியது.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் மேடைக்குத்தான் போனேன். தகடு தெரிந்தது. ஒயர் தெரிந்தது. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். சிவப்பும் பச்சையுமாக அந்தக் காயில், ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்று ஏறாமல், அவ்வளவு அழகாகப் படிந்திருந்தது. இப்படிச் சுற்றத் தெரிந்த மனிதரை ஈயத்துக்கும் மீன் செதிலுக்கும் நடுவில் இத்தனை நாள் மங்கலாகவே பார்த்திருக்கிறேன். மேலே போய், "தம்பி, ஒன் மொகம் இவ்ளோ கடுகடுன்னு இருக்கும்னு இப்பதான் தெரியுது" என்றேன்.

"தெரிஞ்சிருச்சில்ல? அப்ப மொளகாய அந்தப் பக்கம் தள்ளிப் போடுங்க!" என்றார்.

இப்போது அவர் சுபாங் ஜெயாவில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே நாள் முழுக்க வெயிலாம்; சண்டை போட ஆள் இல்லையாம். வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வார். நலமா என்று கேட்க மாட்டார். "பேட்டரிய குப்பையில போட்டீங்களா?" என்று கத்துவார். போடவில்லை. ஒரு பிஸ்கட் டின் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். கோரிடோர் வெயில் மொத்தமும் இப்போது எனக்குத்தான். மிளகாய் என்னவோ முன்பு மாதிரி காய்வதில்லை.

முனியாண்டி இன்னும் சுருட்டு இழுக்கிறார். சரோஜாவுக்கு எரிகிறது, டாக்சிக்காரர்களுக்கு எரிகிறது. நான் குனிந்தால் எரிவதில்லை. எனக்கு அவர்மேல் கோபம் ஒன்றும் இல்லை. பின்னால் ஒரு நிழல் குறைகிறது, அவ்வளவுதான்.